வலிக்குமா என்று கேட்ட கார்

அடி வாங்க வாங்க வழவழப்பாகும் கன்னம் எது, சொல்லுங்கள் பார்ப்போம்? காரின் தகரக் கன்னம்தான்.

ஒரு பட்டறையில் அப்படி அடிக்கிற சுத்தியலும், தகரத்துக்குப் பின்னால் நின்று அடியைத் தாங்குகிற இரும்புக் கட்டையும் இருந்தன. முழுக் காரையே தட்டி உருவாக்கிய ஜோடி. இன்றும் வேலை வராவிட்டால் சாயங்காலம் இரண்டும் காயலான் கடைக்குப் போகவேண்டும்.

கன்னத்தில் குழியோடு ஒரு குட்டிக் கார் வந்தது.

“வா கண்ணு, பூசி விடறேன். வலியே தெரியாது” என்றது பள்ளம் அடைக்கும் பட்டி டப்பா.

கார் சுத்தியலைப் பார்த்தது. “நீங்க தட்டினா வலிக்குமா மாமா?”

“வலிக்காதுன்னு சொல்லித் தொலையேன்” என்று கட்டை கிசுகிசுத்தது. “இத்தனை வருஷம் உன்கிட்ட அடி வாங்கினேன். ஒரு நாளாவது வலிக்குதுன்னு சொன்னேனா?”

“நீ சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும்” என்றது சுத்தியல். பிறகு காரிடம் திரும்பியது. “வலிக்கும் கண்ணு. ஆனா குழி போயிடும்.”

“பட்டி மாமா பூசினா?”

“குழி உள்ளேயே இருக்கும். வெளியே தெரியாது.”

குட்டிக் கார் பட்டி டப்பாவிடம் போனது.