பிழையாகப் பூத்தது

சுடர்விழி கத்தரியை விரித்துப் பிடித்தபடி நின்றாள். வெட்டக் கை வரவில்லை.

முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், பச்சை வலைக்குக் கீழே, அவள் விற்பனைக்கு வளர்க்கும் ஆர்க்கிட் செடிகள் ஒழுங்காகத்தான் பூத்திருந்தன, இந்த ஒன்றைத் தவிர.

ஆர்க்கிட் பூவுக்கு ஒரு முகம் உண்டு. இரண்டு பக்கமும் இதழ்கள், கீழே சற்றுத் துருத்திய ஓர் உதடு. இந்தப் பூவுக்கு உதடே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்திலும் மற்றவற்றைப் போலவே ஓர் இதழ். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தது.

இப்படிப் பூத்தால் சுடர்விழி தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. செடியோடு உரத்தொட்டிக்குப் போய்விடும். பிழையான செடியை விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன தலையெழுத்தா?

கல்யாண மேடை அலங்காரத்துக்குச் செடி எடுக்க வந்த ராஜாவுக்குப் பொறுமையில்லை.

“இன்னா அண்ணி, இத்தப் போய் இப்பிடிப் பாத்துக்கினு நிக்கிறீங்க? வெட்டிப் போட்டுட்டு வேற குடுங்க.”

அவள் கண்கள் நாற்காலியில் சாய்ந்திருந்த புருஷன்மேல் போயின.

வினோத்குமார் நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். சேதராப்பட்டு கம்பெனியில், மிஷினிலிருந்து தெறித்த இரும்புத் துண்டு இடது மார்பில் ஆழமாக இறங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் வழியிலேயே அழுதுவிட்டார்கள். இறங்கிய இடம் அப்படி.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றது தெரு. சுடர்விழியும் கோயில் கோயிலாகப் போய்க் கும்பிட்டாள். அப்படியும் நெஞ்சில் நன்றி மிச்சமிருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில், இதே மாடியில், அவன் இடது மார்பில் காது வைத்துக் கேட்பாள். சத்தமே இருக்காது. உனக்கு இதயமே இல்லை என்று எத்தனை நாள் கேலி செய்திருப்பாள்! உன்னிடம்தானே கொடுத்து வைத்திருக்கிறேன் என்று அவனும் சினிமா வசனம் பேசித் தப்பித்துக்கொள்வான்.

கத்தரியை மூடினாள். ராஜாவுக்கு வேறு செடியைக் கொடுத்து அனுப்பினாள். உதடில்லாத பூவைத் தொட்டியோடு தூக்கி வந்து வினோத்குமாரின் பக்கத்தில் வைத்தாள்.

“கழிச்ச பூவ எங்கிட்ட கொண்டாந்து வைக்கிறியேடி” என்று அவன் சிரித்தான். சிரித்தால் புண் வலித்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டின்மேல் படாமல், அவன் மார்பில் காதை வைத்தாள்.

எக்ஸ்ரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் விரல் வைத்துக் காட்டிய வலது பக்கத்தில்.

பிறந்ததிலிருந்தே அங்கேதான் அது அடித்துக்கொண்டிருக்கிறது.