கோர்ட் கலையும்வரை

“எட்டு வருஷம் முன்னால சைக்கிள் திருட்டில் தண்டனை வாங்கியவர் இவர்தானா?” என்று நீதிபதி கேட்டார்.

சாட்சிக் கூண்டில் நின்ற ஏட்டு தணிகாசலம் எதிரே பார்த்தார். குற்றவாளிக் கூண்டில் சூசை. இப்போது அவன் செம்புக் கம்பி திருடியது நிஜம். அந்தச் சைக்கிளை மட்டும் அவன் தொட்டதே இல்லை. அன்று மாசக் கடைசியில் நிலுவைக் கேஸ்களைக் குறைக்க, தணிகாசலம்தான் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “ஒத்துக்கடா. சாயங்காலம் கோர்ட் கலையும்வரை ஓரமா நிப்பே, அவ்வளவுதான் தண்டனை.”

“ஏட்டு, உங்களைத்தான் கேட்கிறேன்.”

சூசை சிரித்தான். “நான்தாங்கய்யா அது. பாவம், அவரை ஏன் போட்டுக் குடையறீங்க?”

“முதல் குற்றம்னா ஆறு மாசத்தோட விட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, நீதிபதி மூன்று வருஷம் எழுதினார். சூசையை அழைத்துப் போனார்கள்.

“நீங்க இறங்கலாம்” என்றார் கிளார்க்.

தணிகாசலம் இறங்கவில்லை. “ஐயா, பழைய கேஸ்ல ஒரு உண்மை சொல்லணும்.”

நீதிபதி பேனாவைத் திறந்தார். “எந்தக் கேஸ்?”

ஒரே ஒரு கேஸ் நம்பரைச் சொல்லி நிறுத்தத் தணிகாசலத்தால் முடியவில்லை.