கடைசி வரிசைக் கேள்விகள்

"மேடம், கீவேர்டுன்னா இன்னா?"

கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்விக்கு, பல்கலைக்கழக நூலகத்தின் கணினி அறையே சிரித்தது.

"எம்.ஏ. படிக்க வந்துட்டு கேக்குற கேள்வியப் பாரு மச்சான்!" என்றான் முன் வரிசையில் இருந்த அன்பரசு.

கேட்டவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மங்கலம் மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். அவளும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தாள். வாய் வரவில்லை.

பகலில் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மாலையில் சிதம்பரத்தில் ஊரக வளர்ச்சிப் படிப்பு. நெல் வயலில் எலித் தொல்லை என்று ஆய்வுக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு மூன்று ஆய்வுக் கட்டுரைகளையாவது இன்று தேடி எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பு கிடையாது, இந்த வருடம் வீண். "இன்னிக்கும் புரியலன்னா படிப்ப வுட்டுடுறேம்மா" என்று காலையில் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

நூலகர் பிரிசில்லா கோபப்படவில்லை.

"மளிகைக் கடையில போயி, 'வூட்டுக்கு விருந்தாளி வந்துருக்காங்க, சாம்பார் வெக்கணும்'னு கதையா சொல்லுவோம்? பருப்பு, புளின்னுதான கேப்போம். அந்தப் பருப்பு, புளிதான் கீவேர்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்!" என்றது வகுப்பு, ஒரே குரலில். எப்போதும் உதட்டை மட்டும் அசைக்கும் மங்கலத்துக்கு இந்த முறை உண்மையிலேயே புரிந்திருந்தது.

எலி என்று ஆங்கிலத்தில் தட்டினாள். வந்ததெல்லாம் மருந்து கொடுத்துச் சோதித்த எலிகள். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. வயலைக் காணோம். மேடத்தைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள். அன்பரசு திரும்பிப் பார்த்தான். தூக்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"மேடம், எலின்னு போட்டா எல்லாம் ஆஸ்பத்திரி எலியா வருது. வயக்காட்டு எலிய எப்பிடிப் புடிக்கிறது?"

பக்கத்து நாற்காலிக்காரரேதான். இவருக்கும் எலிதான் தலைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மங்கலம். பல துறைகளுக்கும் சேர்த்து நடக்கும் வகுப்பு அது. யார் எந்தத் துறை என்று தெரியாது.

"பொறி வெய்யிங்கண்ணே!" என்றான் அன்பரசு.

"எலியோட நெல்லு, அறுவடை, சேதம் எல்லாத்தையும் சேத்துப் போடுங்க" என்றார் பிரிசில்லா. "வார்த்தை சேக்கச் சேக்க, வேண்டாதது கழிஞ்சிடும்."

சேர்த்துப் போட்டாள். திரை முழுக்க வயலாக வந்தது.

"மொதல்ல வர்றதுதான் மேடம் நல்ல கட்டுரை?" மறுபடியும் அவர்.

"அப்பிடிக் கெடையாதுங்க. யாரு எழுதுனது, எப்ப எழுதுனது, எதுல வந்துச்சு, எல்லாம் பாக்கணும். எலி மருந்து விக்கிறவரு எழுதுனா மருந்தத்தான் புகழுவாரு."

மங்கலம் தான் முதலில் எடுத்துவைத்த கட்டுரையின் அடியில் பார்த்தாள். எலி மருந்துக் கம்பெனியின் பெயர். அதைத் தள்ளிவிட்டு வேறு தேடினாள்.

வகுப்பு முடிவதற்குள் மூன்று கட்டுரைகள் கிடைத்தன. தலைப்புக்குக் கையெழுத்தும் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு நன்றி சொல்லத் திரும்பியவள் அவருடைய திரையைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. பாவம், கம்ப்யூட்டரைப் போடக்கூடத் தெரியவில்லை!

கடலூர் பஸ்ஸில் அவரும் ஏறினார். பெயர் சிலம்பரசன் என்றார்.

"அண்ணா, நீங்க கேட்டதாலதான் நான் தப்பிச்சேன். ரொம்ப தேங்க்ஸ்ண்ணா."

"நானே ஒண்ணும் புரியாம முழிச்சிக்கினு இருந்தேன், நீ வேற. அந்த எலி மேட்டர இன்னொரு வாட்டி சொல்லும்மா."

திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவர் கேட்கக் கேட்க, அவளுக்கே எல்லாம் இன்னும் தெளிவானது.

அதன் பிறகு அவர் எந்த வகுப்பிலும் கண்ணில் படவில்லை. படிப்பை விட்டுவிட்டாரோ என்று மங்கலத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் பிரிசில்லாவிடமே போய் நின்றாள்.

"மேடம், சிலம்பரசன்னு ஒரு அண்ணன், எல்லாத்தையும் கேட்டுக்கினே இருந்தாரே... அவருக்குத் தனியா ஒரு வாட்டி சொல்லிக்குடுங்க மேடம். கம்ப்யூட்டரப் போடவே தெரியல அவருக்கு. அவரால நான் தேறிட்டேன், அவரு பெயிலாயிடுவாரு."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது ரிப்பேர் மெஷினும்மா. அதான் அந்த சீட்ட அவருக்குக் குடுத்துருக்கோம். அவரு போன வருஷமே பாஸ் பண்ணிட்டாரு. இந்தப் பேப்பர்ல அவருதான் ஃபர்ஸ்ட்டு."

"அப்புறம் ஏன் மேடம் அப்பிடிக் கேட்டாரு?"

"'புரிஞ்சுதா'ன்னா எல்லாரும் 'புரிஞ்சுது'ன்னுதான சொல்றீங்க? அவரும் அப்பிடிச் சொல்லிட்டு முழிச்சவருதான். அன்னிக்கு அவருக்காக வினோதினின்னு ஒரு பொண்ணு அந்த சீட்டுல உக்காந்து கேட்டுச்சு. அந்த நன்றிக்கு இவரு வர்றாரு. பக்கத்துல யாரு முழிக்கிறாங்களோ அவுங்க திரையப் பாத்துக் கேப்பாரு." பிரிசில்லா பெருமூச்சு விட்டார். "நாளைக்குப் புது பேட்ச். அவருக்கு ஷிப்ட்டாம், வர முடியாதுன்னுட்டாரு."

மறுநாள் மாலை. கடைசி வரிசையில், ரிப்பேரான கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், புதிதாக வந்த ஒருவர் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கீவேர்டுன்னா இன்னா?"

அறையே சிரித்தது. மங்கலம் தூக்கிய கையை இறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.