புரண்டு படுக்க நினைத்த கல்

ஓடைக்கரையில் பாதி புதைந்திருந்த வரிக்கல்லுக்கு உடம்பெல்லாம் இழுபட்ட கோடுகள்.

"இந்தக் கோணலை யாரும் பார்க்க வேண்டாம். என்னைக் குப்புறத் தள்ளிவிடேன்," என்று ஓடையிடம் கெஞ்சியது. ஓடையும் அடிமண்ணை அரிக்கத் தொடங்கியது.

பாறைகளை ஆராயச் சுத்தியலோடு வந்த ஒரு பெண் வழவழப்பான கற்களையெல்லாம் தாண்டி, வரிக்கல்லின் முன் குந்தினாள். அதில் பதிந்திருந்த சிவப்பு மணிக்கல்லின் இருபுறமும் வால்போல் இழுபட்டு நீண்டிருந்த கோடுகளைத் தடவினாள்.

"பூமிக்குள்ள சூட்டுல இளகி இழுபட்டும் நீ உடையலையே! அங்கே நிலம் எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு உன் கோணல்தான் காட்டுது. நல்லவேளை, நீ இடம் மாறலை. புரண்டிருந்தா திசையே தெரிஞ்சிருக்காது."

அவள் போனதும் ஓடை, "இன்னும் கொஞ்சம்தான், தள்ளிடுறேன்," என்றது.

"ஐயோ, வேண்டாம்! அரிச்ச மண்ணைத் திரும்பக் கொண்டுவந்து போடு," என்றது வரிக்கல்.