பிடியரிசி

உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது அந்த ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். தெபோராளும் பதினோரு வருஷமாக எடுத்து வைத்தாள். வீட்டுக்குப் பொன்னி, சபைக்கு ரேஷன் அரிசி. ஆண்டவர் என்ன, மென்றா பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வாள். கணவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த மூன்றாம் வாரம் அரிசிப் பானை காலியானது. கோயில் வேலை பார்க்கும் வேதமுத்து ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான்.

“யாரு குடுத்தது?”

“எல்லாரும் போட்ட பிடியரிசிதான்க்கா. நீங்க போட்டதும் இதுலதான் கெடக்கும். போன வாரம் மாதிரி திருப்பி அனுப்பாதீங்க, சொமந்துட்டு அலைய என்னால முடியாது.”

பிள்ளைகள் காலையிலிருந்து வெறும் கடுங்காப்பியோடு இருந்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

சோறு ஒரே பதத்தில் வேகவில்லை. யார் வீட்டுப் பாசுமதியோ குழைந்துபோயிருந்தது. பொன்னி பூவாக மலர்ந்திருந்தது. நடுநடுவே தடித்த பழுப்புப் பருக்கைகள் விறைத்துக்கொண்டு கிடந்தன.

“எம்மா, இது கல்லு மாதிரி இருக்கு. எந்தக் கஞ்சப்பய வீட்டு அரிசி?” என்றாள் மகள் செல்சியா.

“வாய மூடிட்டுத் தின்னுட்டி.”

சொல்லும்போதே தெபோராளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருந்த கணவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் உலை கொதித்தது. சபைக்கு நல்லதாக ஒரு பிடி எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். எதையும் பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது.

“ஸ்தோத்திரம்” என்று முணுமுணுத்தபடி கைகொண்ட மட்டும் அள்ளினாள்.