கடைசியாக இறங்கியவள்

"மொழிபெயர்ப்பாளர்தானே? நோயாளியிடம் உடனே சொல்லுங்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஆப்பரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார். ஆனால் கையெழுத்து வைக்க மறுக்கிறார்."

டாவோஸ் மருத்துவமனை ஒன்றிலிருந்து பெண் டாக்டர் ஜெர்மனில் மூச்சு விடாமல் பேசினாள். சுவிட்சர்லாந்தின் இன்னொரு மூலையில், வில் என்ற நகரத்து மூன்றாம் மாடிச் சமையலறையில் கஜலக்சுமி அடுப்பை அணைத்தாள். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஞாயிறு பிற்பகல். காலையிலிருந்து அவள் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை.

தொலைபேசி மொழிபெயர்ப்பில் பெயர்கள் கிடையாது. அங்கே ஒரு நோயாளி, இங்கே நாற்பத்தொன்றாம் எண், அவ்வளவுதான். அவர் சொல்வதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒரு நாளில் அவள் பேசும் தமிழில் முக்கால்வாசி அடுத்தவர்களின் வயிற்றுவலியும் விசாப் பிரச்சினையும்தான்.

வாயால் எதையும் கூட்டமாட்டாள். ஆனால் மனத்துக்குள் தீர்ப்பு எழுதாமல் ஓர் அழைப்பையும் முடித்ததில்லை. இவன் குடிகாரன். இவள் டாக்டரிடம் பொய் சொல்கிறாள். இந்தாள் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்திருக்க மாட்டார், அதுதான் பக்கத்தில் ஒருவரையும் காணோம். குரலைக் கேட்ட இரண்டு நிமிடத்தில் ஆளை எடை போட்டுவிடுவாள். தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கோப்பை கழுவி, தனியாகத் தூங்குகிறவளுக்கு அது ஒரு துணை மாதிரி.

டாக்டர் சொன்னதை, தொழிலுக்கென்று வைத்திருந்த வறண்ட குரலில், புத்தகத் தமிழில் சொல்லி முடித்தாள்.

"விளங்குது, தங்கச்சி. வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றது ஒரு களைத்த குரல்.

இந்த ஆளுக்கு இரண்டு நிமிடம் தேவைப்படவில்லை. 'கோழை' என்று தாளில் எழுதினாள். எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது.

"வேண்டாம்," என்று ஜெர்மனில் சொன்னாள்.

ஏன் என்று டாக்டர் கேட்டாள். அவர் வலியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இருபது வருடமாக ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறார். வேலையாட்களுக்கென்று ஹோட்டல் கொடுத்த ஓர் அறையில் இருக்கிறார். பிழைத்து எழும்பினால் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துத்தர ஆளில்லை. எழும்பி யாரைப் பார்க்க?

கஜலக்சுமி எல்லாவற்றையும் 'நான்' என்றே சொன்னாள். குடும்பம் இல்லையா என்றாள் டாக்டர்.

"மனுசி ஒராள் இருந்தவ. பக்டரி வேலை முடிஞ்சு ஒரு வெள்ளைக்காரன்ரை காரிலை வந்து இறங்குறா எண்டு ஒரு கலியாண வீட்டிலை சனம் கதைச்சது. நான் அவவிட்டை ஒரு கேள்வி கேக்கேல்லை. அண்டைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

"நான் என் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் டாக்டர் திரும்பச் சொல்லச் சொன்னாள். காதில் விழவில்லையாம்.

ஏழெட்டு வருடம் கழித்து, அதே பக்டரியில் இருந்த ஒருத்தி டாவோஸுக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் சொல்லித்தான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கார் பக்டரி மேற்பார்வையாளருடையது. பஸ் இல்லாத நேரத்து ஷிஃப்டில் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்கிவிடுவாராம். இவருடைய வீடுதான் கடைசி.

"சனம் கண்டது கடைசி ஆள் இறங்கிறதை மட்டும், தங்கச்சி. நான் அதையும் காணேல்லை."

பிறகு ஏன் திரும்பிப் போகவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. கஜலக்சுமி கேட்டாள். பத்து வருட வேலையில் அவள் கூட்டிய முதல் வாக்கியம் அது.

ஏதோ ஒரு மெஷின் மட்டும் விட்டுவிட்டுச் சத்தமிட்டது.

"போனனான். ரெண்டு தரம் ரயிலெடுத்து அவவின்ரை ஊர் ஸ்டேஷன் மட்டும் போனனான். என்ன முகத்தோடை கதவைத் தட்டுறது? வாங்கிலிலை இருந்திட்டு, அடுத்த ரயிலிலை திரும்பீட்டன்."

'கோழை' என்று எழுதிக் கிழிந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய தீர்ப்பில் இந்த ரயில்கள் இருக்கவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனும் இருக்கவில்லை. அவளும் ஒரு கேள்வி கேட்காமல்தான் எழுதியிருந்தாள்.

நேரம் போகிறது என்றாள் டாக்டர். கையெழுத்து வைக்காவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது. எதற்கும் படிவத்தில் ஒருவர் பெயர் வேண்டும். யாருக்கு அறிவிப்பது? கடைசித் தடவையாகக் கேளுங்கள்.

கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி."

கஜலக்சுமி அதை மொழிபெயர்க்கவில்லை. தன் பெயரைச் சொன்னாள். கைப்பேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். அடுத்த ரயிலைப் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் டாவோஸில் நிற்பேன் என்றாள்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மொழிபெயர்ப்பாளர்கள் சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது என்பது தெரியாதா என்று கேட்டாள் டாக்டர். தெரியும் என்றாள் இவள். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, படிவத்தின் அடுத்த வரிக்குப் போனாள்.

"நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?"

"மனைவி," என்று ஜெர்மனில் சொன்ன கஜலக்சுமி, இருபது வருடமாக யாரிடமும் பேசாத தன் வீட்டுக் குரலில், "இஞ்சேருங்கோ, கையெழுத்தை வையுங்கோ, நான் வாறன்," என்றாள்.