மெஷின் பொறுக்கிய ஆள்

"ஒவ்வொண்டாய் வாசிக்க எனக்கு எங்கை நேரம்? எல்லாத்துக்கும் போட்டுவிடுவம். ஒண்டாவது பிடிபடாதோ?" என்றான் மதுஷன், லாசால் பகுதியிலுள்ள தன் வீட்டுச் சோபாவில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சரிந்தபடி.

வேலைக்கு விண்ணப்பிக்கிற கதை அது. ஆய்வுகூடப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று மனைவி நிருஷா சிரித்தாள்.

டவுன்டவுன் பல்கலைக்கழகமொன்றில் அவன் செய்கிற வேலையே அதுதான். வெளிச்சத்தை விரும்பினபடி வளைக்கிற மீப்பொருளுக்கு எந்த வடிவம் சரிவரும் என்று அங்கே யாரும் மண்டையை உடைப்பதில்லை. ஒரே கண்ணாடித் துண்டில் மயிரிழை வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான வடிவங்களைச் செதுக்கி, அத்தனைக்கும் லேசர் அடித்து, மெஷின் பொறுக்கித் தருவதை எடுப்பார்கள். எடுப்பார்கள் என்ன, செதுக்குவது, கழுவுவது, அளப்பது எல்லாம் இவன் ஒருத்தன்தான். உதவிக்கு ஓராள் கேட்டுக் கேட்டு வாய் புளித்துவிட்டது. "பாப்பம் தம்பி" என்பார் பேராசிரியர் பாலாம்பிகை மேடம். பார்த்தபாடில்லை. மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்துபோனான் மனுசன்.

ஆகவே ஒரு புரோகிராம் எழுதி, ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சியொன்றில் கிடந்த ஒளியியல் வேலைகள் அத்தனைக்கும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டான்.

வியாழக்கிழமை ஏஜென்சிக்காரி போன் எடுத்தாள். டவுன்டவுனில் ஓர் ஆய்வுகூடமாம். பெயரை நேர்முகத்தில்தான் சொல்வார்களாம். விண்ணப்பித்தவர்களின் பெயர், ஊர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் மறைத்து, மெஷினைக் கொண்டுதான் ஆள் பொறுக்கினார்களாம். முதலாவதாய் வந்தது இவன்தான். திங்கட்கிழமை நேர்முகம், அதுவும் சும்மா ஒப்புக்கு.

"வேலை கையில வரட்டும், பேந்து இதை விடுங்கோவன்," என்றாள் நிருஷா. களைத்தவன் காதில் அது ஏறவில்லை. அடுத்த நாள் காலையே மேடத்தின் அறைக்குப் போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டான். அப்பாடா என்றிருந்தது.

மேடம் கோபிக்கவில்லை. அதுதான் அவனுக்குச் சங்கடமாய்ப் போயிற்று.

"ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம் தம்பி," என்றார். "ஒருமாதிரிக் காசு எடுத்து, உமக்கு உதவிக்கு ஓராளைப் பிடிச்சிட்டன். ஏஜென்சி மூலம்தான். ஆரெண்டு தெரியாது, ஆனா இந்த வேலையில பழம் திண்டு கொட்டை போட்ட ஆள். மெஷின் முதலாவதாய்த் தந்தது. திங்கட்கிழமை வருகுது. நேர்முகம் எடுக்கிறதுக்கு உம்மடை பேரைத்தான் குடுத்திருந்தன்."